'அடுத்த பதிப்பில் வரும்' என்றது ஏன் தள்ளிப்போகிறது?

கேள்வி இதுதான்: திறமூல நிரல்மொழிகளில் "இந்தப் பதிப்பில் வரும்" என்று அறிவித்த வசதி, கடைசி நேரத்தில் அடுத்த பதிப்புக்குத் தள்ளப்படுகிறது. சில சமயம் அடியோடு கைவிடப்படுகிறது. இது நிர்வாகக் குறைபாடா? இந்த அறிவிப்புகளை நம்பி லைப்ரரியோ மென்பொருளோ எழுதுகிறவர்கள் எப்படித் திட்டமிடுவது?

பெரும்பாலான நேரங்களில் இது குறைபாடு இல்லை. ஒரு வெளியீட்டின் தேதியையும் அதில் வரும் வசதிகளின் பட்டியலையும் ஒருசேரப் பூட்டி வைக்க முடியாது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் நிறுவனத்திலேயே அது சிரமம். பலர் தங்கள் சொந்த நேரத்தில் எழுதித் தரும் திட்டத்தில் சுத்தமாக நடக்காது. ஆகவே ஒரு மொழியின் அறிவிப்பைப் படிக்கும்போது, அந்தத் திட்டம் இரண்டில் எதைப் பூட்டியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தேதியைப் பூட்டிய மொழியில் வசதி நகரும். வசதியைப் பூட்டிய மொழியில் தேதி நகரும். இரண்டாவது வழி எவ்வளவு மோசமாகப் போகும் என்பதற்கு ஜாவாவும் பிஎச்பியும் சாட்சி.

ஜாவா 6 வந்தது 2006 டிசம்பரில். ஏழாம் பதிப்பில் லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்), ஜிக்சா என்ற மாட்யூல் அமைப்பு, காயின் என்ற பெயரில் சிறுசிறு மொழி மாற்றங்கள் எல்லாம் சேர வேண்டும் என்று திட்டமிட்டார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. 2010 செப்டம்பரில் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட் இரண்டு வழிகளை வைத்தார்: எல்லாம் முடியும்வரை காத்திருந்து 2012 நடுவில் வெளியிடலாம், அல்லது முடிந்தவரை 2011-லேயே கொடுத்துவிட்டு மீதியை எட்டாம் பதிப்புக்கு விடலாம். இரண்டாவது வழியே தேர்வானது; 2011 ஜூலையில் ஜாவா 7 வந்தது. லாம்டா 2014 மார்ச்சில் ஜாவா 8-ல் சேர்ந்தது. ஜிக்சா எட்டிலிருந்தும் தள்ளப்பட்டு ஒன்பதுக்குப் போய், அங்கும் தேதியைப் பலமுறை நகர்த்தியது. 2017 மே மாதம் நிர்வாகக் குழு வாக்கெடுப்பில் 13-க்கு 10 என்று தோற்று, திருத்தங்களுக்குப் பிறகு ஜூனில் தேறி, செப்டம்பர் 21 அன்றுதான் வெளிவந்தது. ஜேஷெல் (ஜாவாவை வரி வரியாக ஓட்டிப் பார்க்கும் கருவி) போன்ற, ஜிக்சாவை எதற்கும் நம்பியிராத வேலைகளும் அதே பதிப்பில் மாட்டிக்கொண்டு காத்திருந்தன. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஆண்டுதோறும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் வெளியீடு, தயாரானது மட்டும் உள்ளே என்ற விதிக்கு ஜாவா மாறியது. 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10 அந்த வரிசையில் முதலாவது.

பிஎச்பி 6-ன் கதை இன்னும் கடுமையானது. மொழியின் உள்ளே எல்லாச் சரங்களையும் (எழுத்துத் தொடர்களை) யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு வடிவில் வைத்து முழு யூனிகோடு ஆதரவு கொடுப்பது என்று 2005 வாக்கில் தொடங்கினார்கள். மொழியின் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தொட வேண்டிய வேலை அது. கோப்பிலும் தரவுதளத்திலும் இணையத்திலும் வருவது பெரும்பாலும் யுடிஎஃப்-8. உள்ளே வரும்போது ஒரு மாற்றம், வெளியே போகும்போது ஒரு மாற்றம் என்று நேரமும் நினைவகமும் கரைந்தன. ஆர்வம் குறைந்தது, செய்ய ஆளும் குறைந்தது. 2010 மார்ச்சில் அந்தக் கிளையைக் கைவிட்டார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம்: ஆறுக்கென்று பேசப்பட்ட நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் வசதி) போன்றவை 2009-லேயே 5.3-ல் வந்துவிட்டன, டிரெய்ட்ஸ் (கிளாஸ்களுக்கிடையே நிரலைப் பகிரும் வசதி) 2012-ல் 5.4-ல் வந்தது. பெரிய இலக்கு செத்தாலும் அதைச் சுற்றியிருந்த சிறிய வேலைகள் பிழைத்தன. அடுத்த பெரிய பதிப்புக்கு ஆறு என்ற எண்ணே வேண்டாம் என்று 2014-ல் வாக்களித்து, 2015 டிசம்பரில் நேராக 7-ஐ வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஆறைப் பற்றிப் புத்தகங்கள் அச்சாகிவிட்டதால் அந்த எண்ணை மறுபடி பயன்படுத்துவது குழப்பம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அச்சடித்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அறிவிப்பை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதன் விலை அதுதான்.

இனி தேதியைப் பூட்டிய மொழி எப்படி நடக்கிறது என்பதற்குப் பைதானை எடுத்துக்கொள்வோம். பெப் 602 என்ற ஆவணத்தின்படி (பெப் என்பது பைதான் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணம்) 3.9-லிருந்து ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில். ஒரு பதிப்பின் மொத்த வேலைக்காலம் 17 மாதம். முதல் 5 மாதம் முந்தைய பதிப்பின் பீட்டா எனப்படும் சோதனை வெளியீடுகளோடு இணையாக ஓடும். பிறகு 7 மாதம் ஆல்ஃபா எனப்படும் ஆரம்பநிலை வெளியீடுகள். மே மாத வாக்கில் முதல் பீட்டா. அன்றோடு புதிய வசதிகளுக்குக் கதவு மூடப்படும். 3 மாதத்தில் நான்கு பீட்டாக்கள், கடைசி 2 மாதம் ஆர்சி எனப்படும் இறுதிநிலை வெளியீடுகள். முதல் ஆர்சிக்குப் பிறகு பிழைத்திருத்தம் மட்டுமே, அதுவும் மிகுந்த யோசனைக்குப் பின்.

இந்த நாட்காட்டியில் கதவு மூடும் நாளுக்குச் சற்று முன்னும், ஆர்சி கட்டத்திலும்தான் இலக்குகள் அதிகம் நகர்கின்றன. இரண்டுக்கும் நல்ல உதாரணம் உண்டு.

முதலாவது, டைப் அனொட்டேஷன், அதாவது ஒரு மதிப்பு எண்ணா, சரமா, வேறு வகையா என்று நிரலில் எழுதும் குறிப்பு பற்றிய விவகாரம். ஃபங்ஷனிலும் கிளாஸிலும் நாம் எழுதும் டைப் குறிப்புகளை, நிரல் ஏற்றப்படும்போதே கணக்கிடாமல் வெறும் சரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது பெப் 563. வேகமும் கிடைக்கும், இன்னும் வரையறுக்காத பெயரையும் பயன்படுத்தலாம். 2018-ல் 3.7-ல் விரும்பியவர்கள் மட்டும் ஃபியூச்சர் இம்போர்ட் என்ற வரியை நிரலில் சேர்த்து இதை இயக்கிக்கொள்ளலாம் என்று வந்தது, 3.10-ல் எல்லோருக்கும் இயல்பாகிவிடும் என்றார்கள். மாற்றம் மெயின் கிளையில் (அடுத்த பதிப்பு உருவாகும் நிரல் தொகுதியில்) சேர்ந்தும்விட்டது. ஆனால் பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற லைப்ரரிகள் டைப் குறிப்பை நிரல் ஓடும்போதே படித்து, அதை வைத்துத் தரவைச் சரிபார்க்கின்றன. சரமாக இருப்பதை மறுபடி டைப்பாக மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பெயரை மாட்யூலின் குளோபல் பெயர்களில் தேட வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு கிளாஸை வரையறுத்து, அதே ஃபங்ஷனுக்குள் இன்னொரு கிளாஸின் ஃபீல்டுக்கு அதை டைப்பாகக் கொடுத்திருந்தால் அந்தப் பெயர் குளோபலில் இருக்காது. நேம் எரர் வந்து நிற்கும். டைப் செக்கர் (டைப் குறிப்புகளைச் சரிபார்க்கும் கருவி) ஓடும்போது மட்டும் இம்போர்ட் ஆகும்படி வைத்த பெயர்களுக்கும் இதே கதிதான்.

இந்தப் பிரச்சினை பெரிதாக எழுந்தது 2021 ஏப்ரலில். முதல் பீட்டா மே 3. பைதானை வழிநடத்தும் ஸ்டியரிங் கவுன்சில் ஏப்ரல் 20 அன்று மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. எனக்கு இது பைதான் நிர்வாகத்தின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாகப் படுகிறது. மாற்று வழியாக லாரி ஹேஸ்டிங்ஸ் முன்வைத்த பெப் 649, குறிப்பைச் சரமாக வைக்காமல், கேட்கும்போது கணக்கிடும் ஃபங்ஷனாக வைக்கிறது. உள்ளூர்ப் பெயர்களும் பிடிபடும். அது 2023-ல் ஏற்கப்பட்டு, பெப் 749-ன் திருத்தங்களோடு 2025 அக்டோபரில் 3.14-ல் வந்தது. 3.10 என்று குறித்த இலக்கு நான்கு பதிப்பு தள்ளிப்போனது, வடிவமும் மாறியது. 3.10-ஐ நம்பி முன்கூட்டியே தன் லைப்ரரியைச் சர வடிவத்துக்கு மட்டும் மாற்றியிருந்தால் அவ்வளவு வேலையும் வீண்.

இரண்டாவது உதாரணம் 3.13-ன் குப்பை சேகரிப்பி, அதாவது பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் பகுதி. பழைய முறையில் நினைவகத்திலுள்ள முதிய பொருட்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் ஆராய்வதால், பெரிய நிரல்களில் நீண்ட இடைநிறுத்தம் வரும். அதைத் துண்டு துண்டாகச் செய்யும் முறை 3.13-க்கென்று எழுதப்பட்டு, ஆல்ஃபா, பீட்டா, இரண்டு ஆர்சி எல்லாம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகே சில நிரல்கள் குறிப்பிடத்தக்க அளவு மெதுவாகின்றன என்ற புகார்கள் வலுத்தன. இறுதி வெளியீடு 2024 அக்டோபர் 1 என்று குறித்திருந்த நாளில் மூன்றாவது ஆர்சி வந்தது. புதிய முறை எடுக்கப்பட்டு, பழையது திரும்ப வைக்கப்பட்டிருந்தது. இறுதிப் பதிப்பு அக்டோபர் 7. ஏன் சரிசெய்யாமல் எடுத்தார்கள் என்று கேட்கலாம். ஆர்சி கட்டத்தில் குப்பை சேகரிப்பியில் செய்யும் எந்தத் திருத்தமும் சோதிக்கப்படாத புது நிரல். பழைய முறையோ முந்தைய பதிப்புகளில் ஆண்டுக்கணக்கில் ஓடியது. தெரிந்த மெதுவுக்கும் தெரியாத பிழைக்கும் நடுவில் நிற்கும்போது வெளியீட்டு மேலாளருக்கு வேறு வழியில்லை.

இரண்டிலும் கோளாறு தாமதமாகத் தெரியவந்ததற்குக் காரணம் ஒன்றே. மெயின் கிளையில் நிஜப் பயனர்களின் நிரல் ஓடுவதில்லை. பீட்டா வந்த பிறகுதான் லைப்ரரிக்காரர்கள் தொடுகிறார்கள். அவர்கள் சார்ந்திருக்கும், சி மொழியில் எழுதிய நீட்சிகள் புதிய பதிப்புக்குத் தயாராகாவிட்டால் அதுவும் முடியாது. எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) லைப்ரரி ஓடாமல் அறிவியல் லைப்ரரிகளைச் சோதிக்க வழியே இல்லை. ரஸ்ட் மொழியில் இதற்குக் கிரேட்டர் என்ற கருவி இருக்கிறது: பொதுவில் வெளியான ரஸ்ட் தொகுப்புகளைப் பழைய கம்பைலரிலும் புதியதிலும் கட்டிப் பார்த்து, எது உடைகிறது என்று பட்டியல் தரும். கம்பைல் ஆகும் மொழி என்பதால் அங்கே அது சாத்தியம். ஆனாலும் ரஸ்டிலும் இலக்குகள் நகர்கின்றன. இஃப்-லெட் நிபந்தனைகளைச் சங்கிலியாகக் கோக்கும் வசதி 1.64-க்கென்று நிலைப்படுத்தப்பட்டு, வெளிவருமுன் திரும்பப் பெறப்பட்டது. தற்காலிக மதிப்புகள் எந்த வரிசையில் அழிகின்றன என்ற கேள்வி முதலில் தீர வேண்டியிருந்தது. அந்த விதி 2024 எடிஷனில் (எடிஷன் என்பது நிரலர் தேர்ந்தெடுக்கும் மொழி விதித் தொகுப்பு) மாறிய பிறகு, 2025 ஜூனில் 1.88-ல், 2024 எடிஷனுக்கு மட்டும் வந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு ரயில்போலக் கிளம்புவதால் ஒன்றைத் தவறவிடுவது அங்கே யாருக்கும் பெரிய இழப்பில்லை. அவசரப்பட்டு ஏற்றும் ஆசையும் அதனால் குறைகிறது.

கோ மொழியில் வேறொரு காரணம் வேலை செய்கிறது. 1.0-லிருந்து அவர்கள் கொடுத்திருக்கும் ஒத்திசைவு உறுதியின்படி, ஒருமுறை வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் ஜெனரிக்ஸ் (ஒரே நிரலைப் பல டைப்களுக்கு எழுதும் வசதி) வந்த 1.18-ல், அதோடு வரவிருந்த கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் தொகுப்பை வெளியீட்டுக்கு முன் நிலையான லைப்ரரியிலிருந்து வெளியே எடுத்து, சோதனைக் களஞ்சியத்தில் வைத்தார்கள். பிப்ரவரியில் வரவேண்டிய 1.18 மார்ச் 15, 2022 அன்றுதான் வந்தது. சந்தேகம் இருந்தால் எடுத்துவிடு என்பது அங்கே எழுதாத சட்டம். எனக்கும் அதுவே சரியென்று தோன்றுகிறது.

வேகம் போன்ற எண் இலக்குகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2021-ல் பைதானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 3.11-ஐ இரண்டு மடங்கு வேகமாக்குவது என்று பேசினார். 2022-ல் வந்த 3.11, தரநிலைச் சோதனைத் தொகுப்பில் சராசரியாக 1.25 மடங்குதான் வேகமாக இருந்தது. மோசமான விளைவா? இல்லவே இல்லை, ஒரே பதிப்பில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் சர்வர் செலவு பாதியாகும் என்று அந்தப் பேச்சை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஏமாற்றமே. எண் இலக்கு என்பது குழுவுக்குள் திசை காட்டுவதற்கு. உங்கள் பட்ஜெட்டுக்கு அளவுகோல் உங்கள் நிரலை நீங்கள் ஓட்டிப் பார்ப்பதுதான்.

இனி நடைமுறை. ஒரு வசதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஐந்தாகப் பிரித்துப் படியுங்கள்: பேசப்படுகிறது, ஏற்கப்பட்டது, மெயினில் சேர்ந்தது, பீட்டாவைத் தாண்டியது, வெளியானது. ஏற்கப்பட்டது என்றால் வடிவமைப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது என்று மட்டும் பொருள். எழுத ஆள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. பெப் ஆவணத்தின் மேலே குறித்திருக்கும் பைதான் பதிப்பு எண் ஒரு குறிதான். வெளியீட்டு அட்டவணைக்குத் தனி பெப் உண்டு, தேதிக்கு அதையே பாருங்கள். மெயினில் சேர்ந்ததும் உறுதியில்லை என்பதற்கு மேலே சொன்ன அனொட்டேஷன் கதை போதும். வெளியான பிறகும் "பிரிவியூ", "எக்ஸ்பெரிமென்டல்" என்ற ஒட்டு இருந்தால் நம்பிக் கட்டாதீர்கள். ஜாவாவில் சரங்களுக்குள் மாறிகளைப் பொதியும் ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் 21-லும் 22-லும் பிரிவியூவாக வந்து, 23-ல் முழுதாக எடுக்கப்பட்டது. பிரிவியூவை இயக்கிக் கம்பைல் செய்த கிளாஸ் கோப்பில் மைனர் எண் 65535 என்று பதிந்திருக்கும். அதே ஜாவா பதிப்பில் மட்டுமே அது ஓடும், அடுத்ததில் ஏற்றவே மறுக்கும். தற்செயலாகப் பரவிவிடக்கூடாது என்று வேண்டுமென்றே வைத்த தடை அது.

ஒப்பிட, பைதானின் ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு) இல்லாத வடிவம் நன்றாகக் கையாளப்பட்ட இலக்கு. 2023 அக்டோபரில் பெப் 703-ஐ ஏற்கும்போதே, இது கட்டங்களாக வரும், சரிப்படாவிட்டால் திரும்பப் பெறுவோம் என்று கவுன்சில் எழுதிவைத்தது. 3.13-ல் சோதனை நிலையில் தனி பில்டாக வந்தது, அடுத்த கட்டத்துக்கு என்னென்ன நிபந்தனை என்று பெப் 779 வரையறுத்தது, 3.14-ல் அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்தது. இயல்பு பில்டில் ஜிஐஎல் அப்படியே இருக்கிறது. பின்வாங்கும் வழியை முதலிலேயே எழுதிவைத்த இலக்கு நகர்ந்தாலும் யாரையும் உடைப்பதில்லை. மொழியோ பெரிய லைப்ரரியோ நடத்துகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பெரிய மாற்றத்தை ஆல்ஃபா காலத்தின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள், ஒற்றை சுவிட்சில் அணைக்கும்படி வையுங்கள், அதன் மேல் வேறு வேலைகள் படிந்துவிட்டால் திரும்பப் பெறுவதே தனித் திட்டமாகிவிடும்.

பைதான் லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுச் சுற்று இப்படி. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆல்ஃபாவில் சோதனையை ஓட்டுங்கள், ஆனால் தோற்றால் பில்ட் நிற்காதபடி வையுங்கள். பீட்டா 1 வந்த வாரத்தில் தோல்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மொழியின் பிழை என்று தெரிந்தால் சிறிய மறுஉருவாக்க நிரலோடு உடனே புகார் கொடுங்கள். முதல் மூன்று பீட்டாவுக்குள் போனால் திருத்தம் கிடைக்க நல்ல வாய்ப்பு, ஆர்சியில் போனால் "அடுத்த திருத்தப் பதிப்பில் பார்ப்போம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஆர்சி 1-ல் பைனரி இடைமுகம் உறுதியாகிவிடும். வீல் எனப்படும், நிறுவத் தயாரான தொகுப்புக் கோப்புகளைக் கட்டி வெளியிட அதுவே நேரம். உங்கள் வீல் தயாராகாமல் உங்களைச் சார்ந்தவர்கள் சோதிக்க முடியாது.

நீக்கப்படும் விஷயங்களுக்கு, சோதனையின்போது டெப்ரிகேஷன் (இது நீக்கப்படவிருக்கிறது என்ற) எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றி ஓட்டுங்கள், உங்கள் சொந்த மாட்யூல்களுக்கு மட்டும். இல்லையென்றால் சார்புகளின் எச்சரிக்கை உங்கள் பில்டை நிறுத்தும். அந்த எச்சரிக்கையில் எழுதியிருக்கும் பதிப்பு எண்ணும் நகரும். கலெக்ஷன்ஸ் மாட்யூலிலிருந்து மேப்பிங் போன்ற கிளாஸ்களை நேரடியாக எடுத்தால் 3.7-ல் "3.8-ல் நின்றுவிடும்" என்றது, 3.8-ல் "3.9-ல்" என்றது, 3.9-ல் "3.10-ல்" என்றது. பைதான் 2.7-ஐயும் ஆதரித்துக்கொண்டிருந்த நிரல்களுக்கு அவகாசம் கொடுக்கவே தள்ளினார்கள். மூன்று முறை பயமுறுத்திச் சும்மா விட்டதால் பலர் கண்டுகொள்ளவில்லை, 3.10-ல் உண்மையாகவே நீக்கியதும் அவர்களின் நிரல் இம்போர்ட்டிலேயே விழுந்தது.

பதிப்பு எண்ணை வைத்து வசதி இருக்கிறதா என்று தீர்மானிப்பதும் ஆல்ஃபா காலத்தில் தவறாகும். முதல் ஆல்ஃபாவும் தன்னை 3.14 என்றே சொல்லிக்கொள்ளும்; வசதி கடைசி ஆல்ஃபாவில் சேர்ந்திருக்கலாம். வசதியின் பெயர் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்.

பயந்துகொண்டு "3.14-க்குக் கீழே மட்டும்" என்று உங்கள் தொகுப்பில் மேல்வரம்பு போடுவது இன்னும் மோசம். புதிய பைதானில் ஒருவர் நிறுவும்போது பிப் என்ற நிறுவும் கருவி அந்த வரம்பைப் பார்த்து நிற்பதில்லை; வரம்பு போடாத உங்கள் பழைய வெளியீடு ஒன்றைத் தேடிப் பின்னோக்கிப் போய், அதை நிறுவிவிடும். அது நீங்கள் மறந்துபோன பதிப்பாக இருக்கும், புதிய பைதானில் ஓடாது, புகார் மட்டும் உங்களிடம் வரும். மேல்வரம்பை விட்டுவிட்டு, சோதித்த பதிப்புகளைத் தொகுப்பின் விவரக் குறிப்பில் எழுதுங்கள். சொந்தச் சர்வரில் ஓடும் பயன்பாடு என்றால் கதை வேறு: அங்கே பைதான் பதிப்பையும் சார்புகளின் பதிப்புகளையும் லாக் கோப்பில் பூட்டிவிட்டு, அக்டோபர் வெளியீட்டை விட்டு டிசம்பர் வாக்கில் வரும் முதல் திருத்தப் பதிப்புக்கு மாறினால் போதும்.